இரவல் காரும் தாம்பாளத்து வெள்ளியும்

பிரிக்பீல்ட்ஸில் நாங்கள் குடியிருந்த சந்தில் ஒரே ஒரு கார் இருந்தது. அது என் அத்தானுடையது. அத்தான் ரயில்வே பண்டகசாலையில் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்த்தார். சீமைக்குத் திரும்பிய ஒரு துரை விற்றுவிட்டுப் போன பழைய கார் அது. கறுப்பு நிறம், துணிக் கூரை. மழை பெய்தால் இடப்பக்கம் ஒழுகும். அத்தான் பெருமைக்காக வாங்கினார் என்று சந்தில் சிலர் பேசிக்கொண்டார்கள். உண்மையில் அவர் அதை வாங்கியது என் அக்காவுக்காக.

அக்கா பெட்டாலிங் பக்கத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. இன்று பெட்டாலிங் ஜெயா என்று வீடும் தொழிற்சாலையுமாக நிற்கும் அந்த இடமெல்லாம் அப்போது ரப்பர் மரங்கள். சிறு வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அக்காவின் இடது கால் சூம்பிவிட்டது. வீட்டுக்குள் சுவரைத் தொட்டுக்கொண்டு நடப்பாள். பஸ் பெரிய சாலையோடு நின்றுவிடும். அங்கிருந்து பள்ளிக்கூடம் வரை செம்மண் பாதை. மழை பெய்தால் காலை வைத்த இடத்திலிருந்து எடுக்க முடியாது. இரண்டு முறை விழுந்தபின் வேலையை விட்டுவிடுவது என்று அவள் முடிவு செய்திருந்தாள். அப்போதுதான் அத்தான் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். தினமும் விடிந்ததும் அவளைப் பள்ளியில் இறக்கிவிட்டுத் தம் வேலைக்குப் போவார். கார் போனால் அக்காவின் வேலையும் போகும். வீட்டில் யாரும் இதைச் சொல்லிக்கொண்டதில்லை. எல்லோருக்கும் தெரியும்.

நான் அப்போது ஒரு தமிழ்ப் பத்திரிகையில் துணையாசிரியனாக இருந்தேன். அக்கா வீட்டில் முன்னறை என்னுடையது. ஆகவே, நடந்ததில் பெரும்பகுதியைக் கண்ணால் பார்த்தும், மீதியைக் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்டும் எழுதுகிறேன்.

கார் வந்த சில மாதங்களிலேயே அது சந்துக்குப் பொதுவாகிவிட்டது. கல்யாணம் என்றால் மாப்பிள்ளை அதில்தான் போக வேண்டும். கேட்க வருகிறவர்கள் வெறுங்கையோடு வரமாட்டார்கள். தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், வாழைப்பழம், அவற்றின்மேல் ஒரு வெள்ளி. இந்த மலாய் நாட்டில் டாலரை வெள்ளி என்றுதான் சொல்லுவோம். தாள் நோட்டு தாராளமாகப் புழங்கிய காலத்திலும் தாம்பாளத்துக்கு மட்டும் நாணயமாகத் தேடிப் பிடித்து வைப்பார்கள். அக்கா தட்டை வாங்கிக்கொண்டு குங்குமம் கொடுப்பாள். நாணயம் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும் கிண்ணத்தில் விழும். அது எதற்கு விலை என்று யாரும் யோசித்ததில்லை. ஒரு மங்கல காரியத்துக்குத் தட்டு நீட்டும்போது காசில்லாமல் நீட்டக் கூடாது, அவ்வளவுதான்.

அத்தான் மட்டும் ஒரு விஷயத்தில் சந்தின் வழக்கத்துக்கு வெளியே போயிருந்தார். காருக்கு இன்சூரன்ஸ் எடுத்திருந்தார். கார் பிறருக்குச் சேதம் செய்தால் கம்பெனி பொறுப்பேற்கும். அவர் சம்மதத்தோடு வேறொருவர் ஓட்டினாலும் பொறுப்பேற்கும். எங்கள் ஆட்களுக்கு இன்சூரன்ஸ் என்றால் உயிரோடு சம்பந்தப்பட்ட விவகாரம். "கிராணி காருக்கு ஆயுள் எடுத்திருக்காரு. கார் செத்துப்போனா பொண்டாட்டிக்குப் பணம் வரும்" என்று எதிர்வீட்டு ரயில் எஞ்சின் பயர்மேன் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். அத்தானும் சிரிப்பார்.

நான்கு வீடு தள்ளி ஒரு விதவை அம்மாள் இருந்தார். கணவர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து இறந்தவர். இரண்டு மகன்கள். மூத்தவர் சுங்கை பூலோ பக்கம் ஒரு தோட்டத்தில் லோரி ஓட்டினார். இளையவருக்குக் கிள்ளானில் பெண் நிச்சயமாயிற்று. அந்த அம்மாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாம்பாளத்தோடு வந்தார்.

"டீச்சரம்மா, என் சின்னவனுக்குக் கல்யாணம். கார் இல்லாம கிள்ளானுக்குப் போனா சம்பந்தி வீட்டுல என்னைய மதிப்பாங்களா?"

"எடுத்துக்கிட்டுப் போங்க பெரியம்மா. ஆனா இவருக்கு அன்னிக்கு லீவு கிடைக்காது. ஓட்ட ஆள்?"

"பெரியவன் இருக்கானே. லோரியே ஓட்டுறவன், இது என்ன, சுண்டெலி."

தட்டு கைமாறியபோது நான் முன்னறையில் இருந்தேன். வெற்றிலைமேல் இருந்தது ஒரு வெள்ளி.

கல்யாணத்தன்று மாப்பிள்ளைக்குப் பக்கத்தில், பின் இருக்கையில் உட்கார்ந்து நானும் போனேன். கிள்ளானில் பெண் வீட்டார் ஏற்பாடு செய்திருந்த ஒரு வீட்டில் இறங்கி, அங்கிருந்து கோவிலுக்கு ஊர்வலம். பெண் வீட்டுப் பையன்கள் காரை அலங்கரித்தார்கள். அலங்காரம் என்றால், முன் கண்ணாடிக்கு மேலிருந்து கீழ்வரை மல்லிகைச் சரங்களைத் திரைபோலத் தொங்கவிட்டு, ஓட்டுகிறவருக்கு ஒரு சாண் அகலத்தில் ஜன்னல் விட்டிருந்தார்கள். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியாயிற்று. கண்ணேறு கழிந்துவிட்டது என்று எல்லோரும் திருப்தியாக இருந்தார்கள். கண் தெரிகிறதா என்று யாரும் கேட்கவில்லை.

"அண்ணே, தெரியுதா?" என்று மாப்பிள்ளைதான் கொஞ்சம் கவலையாகக் கேட்டார்.

"தவில்காரர் முதுகு தெரியுது. அது போதும். அது போற பக்கம் போறேன்."

உண்மையில் அப்படித்தான் போனோம். நாகஸ்வரக் கோஷ்டி முன்னால், கார் பின்னால், மனிதன் நடக்கும் வேகத்தில். காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. ஒரு முச்சந்தியில் கூட்டம் சேர்ந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் நாகஸ்வரக்காரர் நின்று வாசிக்கத் தொடங்கினார். தவில்காரரும் நின்றார். லோரியின் முரட்டு மிதிகளுக்குப் பழகிய கால் காரில் ஏதோ ஒன்றை ஓங்கி அழுத்தியது. கார் நிற்பதற்குப் பதிலாகப் பாய்ந்தது. தவில்காரர் முதுகு கண்ணாடி முழுக்கப் பெரிதாயிற்று. மூத்தவர் ஸ்டியரிங் சக்கரத்தை இடப்பக்கம் ஒடித்தார். தவில்காரர் பிழைத்தார்.

இடப்பக்கம் ஒரு சீன அம்மாளின் கிச்சாப் பட்டறை, அதாவது சோயாவிலிருந்து கறுப்புச் சாறு வடிக்கும் இடம், இருந்தது. அவித்த சோயாவை உப்புநீரில் ஊறவைத்து, ஆள் இடுப்பளவு உயரமுள்ள மண்தாழிகளில் வெயிலில் வைப்பார்கள். காலையில் மூடிகளைத் திறந்துவைத்திருந்த நேரம். கார் தாழிகளின் வரிசைக்குள் போய் நின்றது. உடைந்தவை ஆறு. கறுப்பாக, கெட்டியாக, உப்பு வாசனையோடு எல்லாம் சாலையில் இறங்கிச் சாக்கடைக்கு ஓடியது. கொஞ்சம் காருக்குள்ளும் தெறித்தது. மாப்பிள்ளையின் பட்டு வேட்டியில் முழங்காலுக்குக் கீழே வெள்ளையே இல்லை. பிறகு நாகஸ்வரக்காரர், "மாப்பிள்ளைக்கு நலங்கை இங்க கறுப்பாத்தான் வைப்பாங்களோ?" என்றார். சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் கூட்டம் சிரித்தது.

பட்டறைக்கார அம்மாள் சிரிக்கவில்லை, கத்தவும் இல்லை. ஐம்பது வயது இருக்கலாம். உடைந்த தாழிகளை ஒருமுறை பார்த்தார். பிறகு கடைத்தெருவில் பேசும் பாசார் மலாயில் கேட்டார்.

"சியாப்பா பூஞா கெரேத்தா?" கார் யாருடையது?

மூத்தவர் இறங்கி, தம் மார்பில் கை வைத்து, ஓட்டியது நான் என்றார். அந்த அம்மாள் கையை அசைத்து அதை ஒதுக்கினார். ஓட்டியவரைக் கேட்கவில்லை. கார் யாருடையது? பதில் வருவதற்குள் அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்துவந்து, காரின் எண்ணைப் பார்த்துப் பார்த்துக் கடைச் சுவரில் பெரிதாக எழுதினார். பெயர் பொய்யாக இருக்கலாம், எண் பொய் சொல்லாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

வேறு வேட்டி வந்தது. முகூர்த்தம் தவறவில்லை. மறுநாள் பத்திரிகைக்கு நானே எழுதிக் கொடுத்தேன்: கிள்ளானில் கல்யாணக் கார் கடைமீது மோதியது, ஆட்சேதம் இல்லை. இரண்டு வரி. அதற்குப் பிறகு நடந்தவை எந்தப் பத்திரிகையிலும் வரத் தகுதியற்றவை. ஆனால் விஷயம் முழுவதும் அவற்றில்தான் இருக்கிறது.

அத்தான் வேலை விட்டு வந்து காரைச் சுற்றி வந்தார். முன்விளக்கு ஒன்று போயிருந்தது. மட்கார்டு நெளிந்திருந்தது. உள்ளே இன்னும் அந்த உப்பு வாசனை. "ஆளுக்கு ஒண்ணும் இல்லையே?" என்று மட்டும் கேட்டார்.

மூத்தவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். "கிராணி, என் தப்பு. மாசாமாசம் என் சம்பளத்துல..."

"உன் சம்பளம் எனக்குத் தெரியும்பா. போய்ச் சாப்பிடு."

அத்தானோடு வேலை பார்த்தவர்களில் ஒருவருக்கு வக்கீல் வீட்டில் பழக்கம். அவர் விசாரித்து வந்து சொன்னது எங்களுக்குப் புதிதாக இருந்தது. சட்டப்படி அத்தான் பொறுப்பாளி அல்ல என்று வாதாடலாமாம். கார் அத்தானுடைய வேலைக்காகப் போயிருந்தால், அல்லது அவரே கூட உட்கார்ந்திருந்தால், அது வேறு. இரவல் வாங்கியவர் தம் வீட்டுக் கல்யாணத்துக்கு ஓட்டிப் போனார், இடித்தது அவர். ஆகவே பட்டறைக்கார அம்மாள் லோரிக்காரர்மேல் வழக்குப் போடட்டும்.

"இன்னொரு வழியும் இருக்கு," என்றார் அந்த நண்பர். "கேக்காம எடுத்துக்கிட்டுப் போயிட்டான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா, உங்க தலைவலி அன்னிக்கே முடிஞ்சுது."

"அவன் தலைவலி?" என்றார் அத்தான்.

நண்பர் தேநீரைக் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த விடுமுறை நாளில் அத்தானும் நானும் ரயிலில் கிள்ளானுக்குப் போனோம். சுவரில் கரி எழுத்து அப்படியே இருந்தது. அத்தான் அதைத் தொட்டுக் காட்டி, இந்தக் கார் என்னுடையது என்றார். அந்த அம்மாள் முக்காலி போட்டு உட்காரச் சொன்னார். தாழியின் விலையை அவர் பெரிதாகப் பேசவில்லை. உடையாத ஒரு தாழியிடம் அழைத்துப் போய், மூடியைத் திறந்து, வானத்தைக் காட்டினார். பிறகு விரல்களை மடக்கி மாதங்களை எண்ணினார். உடைந்தவை அடுத்த மாதம் வடிக்க வேண்டியவை. தாழி வாங்கலாம், சோயாவும் உப்பும் வாங்கலாம். அத்தனை மாத வெயிலை எந்தக் கடையில் வாங்குவது?

திரும்பும்போது ரயிலில் அத்தான் வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். "நியாயத்தைத்தான் கேக்குது அந்த அம்மா. லோரிக்காரன் எங்க போவான்? கம்பெனி குடுத்தா சரி. குடுக்கலேன்னா காரை வித்துத்தான் ஆகணும்" என்றார். அக்காவின் பெயரை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

கம்பெனிக்கு எழுதினார். விசாரிக்க ஆள் வருவதாகப் பதில் வந்தது. இரவல் வாங்கியவர்களும் அன்று வீட்டில் இருக்க வேண்டும் என்று கேட்டிருந்தார்கள். முந்தின நாள் மாலை அத்தான் நிபந்தனைகளை மறுபடி படித்தார்.

"சம்மதத்தோட ஓட்டினா கம்பெனி பொறுப்பு. லைசென்ஸ் இருக்கு. சரி. ஆனா காரை வாடகைக்கு விட்டிருந்தா ஒரு காசும் கிடையாது."

"நாம என்னிக்கு வாடகைக்கு விட்டோம்?" என்றாள் அக்கா.

நான் தாம்பாளத்தை நினைவூட்டினேன். மூவரும் சாமி படத்துக் கிண்ணத்தைப் பார்த்தோம்.

"அது வாடகையா தம்பி?"

"நமக்கு இல்ல."

"கேட்டா உள்ளதைச் சொல்லுவோம்," என்றார் அத்தான். "ஒரு வெள்ளி. அது என்னன்னும் சொல்லுவோம். வர்றவர் புரிஞ்சுக்கிட்டா உண்டு."

இவ்வளவு பேசிய நாங்கள், நான்கு வீடு தள்ளிப் போய் அந்த விதவை அம்மாளிடம் ஒரு வார்த்தை சொல்லி வைக்கவில்லை.

வந்தவர் ஒரு யாழ்ப்பாணத்தார். வெள்ளைக் கால்சட்டை, கோட்டு, மடித்த குடை. தமிழ் ஆளாக இருந்ததில் எங்களுக்கு நிம்மதி. பேச்சு மென்மையாக இருந்தது. கேள்விகள் ஒன்றுவிடாமல் வந்தன. மூத்தவரிடம் லைசென்ஸை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பூச்சரத்தைப் பற்றிக் கேட்டார். "ஒரு சாண் இடைவெளியோ? அப்ப நீர் கார் ஓட்டயில்லை, தவிலைத்தான் ஓட்டியிருக்கிறீர்" என்றார். பிறகு அவர் பேனாவை நிமிர்த்திக்கொண்டு அக்காவிடம் திரும்பினார்.

"அம்மா, இது கட்டாயம் கேக்க வேணும். குறை நினைக்கவேண்டாம். கார் குடுத்ததுக்குக் காசு ஏதும் வாங்கினனீங்களோ?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் தாயார் முந்திக்கொண்டார். கேள்வி அவர் காதில் வேறுவிதமாக விழுந்திருக்கிறது. கல்யாணத்துக்கு ஓசியில் கார் வாங்கிப் போனாயா என்று ஒரு கோட்டுக்காரர் நாலு பேர் முன்னால் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டார்.

"என்னங்கய்யா இப்படிக் கேட்டுட்டீங்க? வெறுந்தட்டா நீட்டுற குடும்பமா நாங்க? எங்க வீட்டுக்காரரு இல்லாட்டியும் குறை வைக்கல. அஞ்சு வெள்ளி வச்சேன். முழுசா அஞ்சு! டீச்சரம்மா கையாலதான் வாங்கினாங்க. கேட்டுப் பாருங்க!"

பேனா காகிதத்தைத் தொட்டு நின்றது. பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்கு ஒருநாள் கார் எடுத்தால் வாடகைக்காரன் கேட்கும் தொகை கிட்டத்தட்ட அதுதான். அங்கிருந்த எல்லோருக்கும் அது தெரியும். சொன்ன அம்மாளுக்கும் தெரியும். தெரிந்துதான் அந்த எண்ணைப் பிடித்திருந்தார். வாடகைக் காருக்குக் கொடுப்பதை நாங்கள் மரியாதையாகவே கொடுத்தோம் என்பது அவர் சொல்ல வந்தது.

அத்தான் என்னைப் பார்த்தார். ஒரு வெள்ளிதான் என்று யாராவது சொல்லியாக வேண்டும். ஆனால் அந்த அம்மாளுக்கு முன்னால், அவர் மகனுக்கு முன்னால், ஜன்னலுக்கு வெளியே பயர்மேன் மனைவி நின்றுகொண்டிருக்க, "நீங்கள் வைத்தது ஒன்றுதான்" என்று எப்படிச் சொல்வது? சொன்னால் அது மதியத்துக்குள் சந்துக்கு வெளியே போகும். மாலைக்குள் கிள்ளான் சம்பந்தி வீட்டுக்குப் போய்விடும். சொல்லாவிட்டால் கார் போகும்.

யாழ்ப்பாணத்தார் எழுதவில்லை. "அம்மா, எங்கட வீடுகளிலயும் தட்டில காசு வைக்கிறனாங்கள்தான். எனக்கு விளங்குது. இதை வாசிக்கப்போற வெள்ளைக்காரத் துரைக்கு விளங்காது. அவருக்கு அஞ்சு வெள்ளி எண்டா வாடகைதான். அதுதான் திரும்பக் கேக்கிறன். ஆறுதலா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்றார்.

அக்கா சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். அவள் முகத்தில் எந்த மாற்றமும் இல்லை. வகுப்பில் பாடம் சொல்லும் குரலில் சொன்னாள்.

"ஆமாங்க. பெரியம்மா அஞ்சு வெள்ளி வச்சாங்க. அவங்க கை பெரிய கை. நான் மங்கலத்துக்கு ஒண்ணை எடுத்துக்கிட்டு மீதி நாலையும் திருப்பிக் குடுத்துட்டேன். எங்க வீட்டுல அதான் வழக்கம்."

அப்படி ஒரு வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. நான் அறிந்து எந்த வீட்டிலும் இல்லை.

யாழ்ப்பாணத்தார் தலையைத் தூக்காமலே கேட்டார்: "நாலையும் ஆரின்ட கையில குடுத்தனீங்கள்?"

மாப்பிள்ளையின் தாயார் அக்காவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் முதலில் திகைப்பு இருந்தது. பிறகு அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது என்பது எனக்கும் விளங்கியது. ஐந்து வெள்ளி வைத்தவர் என்ற பெயர் அவருக்கே கிடைத்துவிட்டது. அதில் ஒன்றும் குறையவில்லை.

"வேற யாரு கையில? என் கையிலதான்!" என்றார். "வேணாம் வேணாம்னு சொல்றேன், டீச்சரம்மா கேக்கல. மடியில வச்சுத் திணிச்சிட்டாங்க. கல்யாணப் பரபரப்புல எனக்கு அது மறந்தே போச்சு, பாருங்களேன்."

"மறக்கத்தான் செய்யும்," என்றார் யாழ்ப்பாணத்தார். "காரை வாடகைக்கு விடுறவன் காசைத் திருப்பிக் குடுக்கமாட்டான். குடுத்ததா நான் ஒரு இடத்திலயும் கேள்விப்படயில்லை."

எழுதினார். எழுதியதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார்: வாடகை பேசப்படவில்லை, சடங்குக்காக ஒரு வெள்ளி ஏற்கப்பட்டது, கூடுதலாக வைத்தது திருப்பித் தரப்பட்டது. அக்கா கையெழுத்துப் போட்டாள். காப்பி வந்தது. அவர் குடித்துவிட்டு எழுந்து, சாமி படத்தின் பக்கம் ஒருமுறை பார்த்தார். அங்கே கிண்ணத்தில் ஒற்றை நாணயம் குங்குமத்தோடு கிடந்தது. முந்திய கல்யாணங்களில் வந்ததையெல்லாம் தைப்பூசத்துக்கு உண்டியலில் போட்டுவிட்டதால் அது மட்டும்தான் இருந்தது. அதைப் பார்த்து அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. குடையை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப்பின் பல வாரங்கள் ஒன்றும் வரவில்லை. அத்தான் நெளிந்த மட்கார்டைத் தாமே தட்டி நிமிர்த்தினார். அக்காவை ஒற்றை விளக்குக் காரில் பள்ளியில் விட்டார். ஒருநாள், காரை வாங்கிக்கொள்வதாக ஒருவர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார். யார் அழைத்தது என்று நான் கேட்கவில்லை. அன்றிரவு அக்கா கரும்பலகைத் துணிகளைத் துவைத்து மடித்து வைத்துக்கொண்டிருந்தாள், எப்போதும்போல.

கடைசியில் கம்பெனி ஒப்புக்கொண்டது. தாழிகளுக்கும், உள்ளே இருந்த சோயாவுக்கும் உப்புக்கும், உடைந்த கடைப் பலகைக்கும் கொடுத்தார்கள். வெயிலுக்குக் கொடுக்கவில்லை. அதற்கு அவர்களிடம் விலை இல்லை. கிள்ளானில் அந்த அம்மாள் இதைக் கேட்டுவிட்டுச் சற்று யோசித்தார். பிறகு ஈரத் துணியால் சுவரில் இருந்த எண்ணைத் துடைத்தார். முழுவதும் போகவில்லை. எண்களின் நிழல் தங்கிவிட்டது. அத்தானும் அதைப் பார்த்தார்.

எங்கள் வீட்டில் அதுவரை கிச்சாப் வாங்கியதில்லை. அதன்பின் கிள்ளானுக்குப் போகும்போதெல்லாம் அத்தான் அங்கே இறங்கி இரண்டு புட்டி வாங்குவார். விலை பேசமாட்டார். அந்த அம்மாளும் குறைக்கமாட்டார். அக்கா முதலில் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தாள். பிறகு வறுத்த மீ கோரெங் நூடுல்ஸில் ஊற்றினாள், முட்டையில் ஊற்றினாள், ஒரு கட்டத்தில் ரசத்திலும் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்தாள். அது மட்டும் வேண்டாம் என்று நாங்கள் கேட்டுக்கொண்டோம். ஆறு தாழி வெயிலுக்கு அது ஈடாகாது. அத்தானுக்கும் அது தெரியும்.

மாப்பிள்ளையின் தாயார் அந்த ஐந்து வெள்ளிக் கதையை எல்லா விசேஷத்திலும் சொன்னார். "அஞ்சு வச்சேன், நாலைத் திருப்பிட்டாங்க டீச்சரம்மா. அதுதான் பெரிய மனுஷத்தனம்" என்பார். இரண்டு வருஷத்துக்குள் அவர் அதை நம்பத் தொடங்கிவிட்டார் என்று நினைக்கிறேன். எனக்கே சில சமயம் அந்த நாலு நாணயங்கள் கைமாறுவது கண்ணில் தெரியும். பார்த்ததையும் கேட்டதையும் தனித்தனியாக வைக்கப் பழகியவன் நான், இருந்தும் இப்படி.

ஒருநாள் அக்காவிடம் கேட்டேன். "அக்கா, அந்த ஆள் முன்னால அவ்வளவு துணிச்சலா ஒரு பொய்யைச் சொன்னியே, முன்னாடியே யோசிச்சு வச்சிருந்தியா?"

"பொய்யா?" என்றாள். "அடுத்த தடவை யாராவது அஞ்சு வச்சா அப்படித்தான் செய்வேன். கொஞ்சம் முந்திச் சொல்லிட்டேன், அவ்வளவுதான்."

அதற்கு வெகுநாள் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. கதை பரவிய பிறகு கார் கேட்டு வந்தவர்கள் ஒரு வெள்ளியோடு வரக் கூசினார்கள். ஐந்து நாணயம் கிடைக்காதவர்கள் உறவினர்களிடம் மாற்றி வாங்கிவந்தார்கள். அக்கா தட்டை வாங்கி, ஒன்றை எடுத்துக்கொண்டு, நான்கை அவர்கள் மடியில் வைத்தாள். அவர்கள் வேண்டாம் வேண்டாம் என்றார்கள். அவள் கேட்கவில்லை. கடைசியில், முன்பு போலவே எங்கள் வீட்டில் தங்கியது ஒரு வெள்ளிதான். அந்தச் சந்தில் குடிவந்த புதியவர்களுக்கு, இது ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய சம்பிரதாயம் என்று யாரோ விளக்கிக்கொண்டிருந்ததை நானே கேட்டேன்.

அத்தான் மட்டும் ஒரு புதிய நிபந்தனை வைத்தார். காரை யாரும் கொண்டுபோகலாம், யாரும் ஓட்டலாம். முன் கண்ணாடியில் ஒரு பூவும் தொங்கக் கூடாது. "கூரைமேல எவ்வளவு வேணும்னாலும் கட்டுங்க. பின்னால கட்டுங்க. மாப்பிள்ளை மேலயே கட்டுங்க" என்பார். மறுநாள் காலை கூரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் வாடிய மல்லிகையோடு அந்தக் கார் அக்காவை ஏற்றிக்கொண்டு பெட்டாலிங் செம்மண் பாதையில் போகும். தோட்டத்துப் பிள்ளைகள் அதைப் பார்த்துவிட்டு, நேற்று யாருக்குக் கல்யாணம் என்று கேட்பார்களாம். அக்கா அதைச் சொல்லிவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவாளாம்.